கயிறில்லாத சப்பாத்து

துப்பறிவாளன் அப்போது இன்னும் பெரியவனாகவில்லை.
ஊரே அறிந்த பெயர், ஆனால் மீசையில்லை.
கழுத்துச் சால்வை முழங்கால்வரை தொங்க
பனிக்குள் நடந்து பள்ளிக்கூடம் போகிறான்.
பள்ளிக்கூட மணியை யாரோ களவெடுத்துவிட்டார்கள்.
மணியில்லாமல் பாடம் எப்படி முடியுமென்று
தலைமை ஆசிரியர் மேசையில் விழுந்து அழுகிறார்.
பல்கனி முழுக்கச் சிரிப்பு.
அப்பா மட்டும் அரை நிமிடம் பிந்திச் சிரித்தார்.
ஆங்கிலம் அவரிடம் அப்படித்தான் வந்து சேரும்,
மழைநாள் பஸ்ஸைப் போல.

பம்பலப்பிட்டி. தொண்ணூற்றேழு, ஆவணி.
நிரூபாவுக்குப் பதினொன்று, எனக்கு எட்டு.
வாசலில் அம்மாவின் கைப்பையைக் கொட்டிச் சோதித்தவர்கள்
கச்சான் சுருளை மணந்து பார்த்துத்
திருப்பித் தந்திருந்தார்கள்.

படத்தில் ஒரு கட்டம்.
புதிதாய் வந்த தோட்டக்காரனைப் பார்த்துப் பொடியன் சொல்வான்:
நீ தெற்கிலிருந்து வருகிறாய்,
இடது சப்பாத்தில் செம்மண்.
உனக்கொரு தங்கை இருக்கிறாள்,
கோட்டுப் பொத்தானைத் தைத்தவள் அவள்தான்,
அவசரத்தில் கிடைத்த பச்சை நூலால்.
தோட்டக்காரன் வாயைப் பிளப்பான், தியேட்டர் கைதட்டும்.
நிரூபா என் தொடையில் கிள்ளினாள்.
அவளுக்கு அந்த நிமிடமே வேலை தொடங்கிவிட்டது.

வடை விற்கிறவர் இடதுகைக்காரர் என்றாள்.
முன்வரிசை மாமா இந்தப் படத்தை முதலே பார்த்துவிட்டார்,
பயப்பட வேண்டிய இடத்துக்கு முன்னமே பயப்படுகிறார் என்றாள்.
காலையில் நீங்களும் அப்பாவும் சண்டை என்றாள் அம்மாவிடம்.
எப்படித் தெரியும்?
அப்பாவின் சேட்டில் மடிப்பில்லை.
அம்மா திரையைப் பார்த்தா.
திரையில் சவர்க்கார விளம்பரம்.

இரண்டாம் பாதியில் நான் நித்திரை.

ஒன்பது மணிக்கு மழை விட்டிருந்தது.
காலி வீதியில் பஸ்ஸை மறித்தார்கள்.
இறங்கச் சொன்னது எல்லாரையும்,
நிற்கச் சொன்னது எங்களை.
டோர்ச் வெளிச்சம் அப்பாவின் அடையாள அட்டையில்
பிறந்த இடம்வரை நடந்துபோய் நின்றது.
பருத்தித்துறை.
இதற்குப் பூதக்கண்ணாடி தேவையில்லை.
பிறகு முகத்துக்கு ஏறியது. பிறகு, ஏனோ, சப்பாத்துக்கு இறங்கியது.
அதில் வெள்ளவத்தைச் சேறு.
பதின்மூன்று வருடமாய் வேறு சேறு ஒட்டியதில்லை.
சேற்றை யார் கேட்டார்கள்.

அப்போதுதான் நிரூபா,
வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்கிறவள் மாதிரி,
சுத்தமான சிங்களத்தில்:
அண்ணா, உங்கள் நடுவிரலில் மை.
மணல்மூட்டைக்குப் பின்னால் அப்பியாசக் கொப்பி.
நீங்கள் கணக்குச் சோதனைக்குத் திரும்பப் படிக்கிறீர்கள்.
இடுப்புப்பட்டியில் புதிதாய்க் குத்திய ஓட்டை மூன்று,
அதனால் இந்த உடுப்பு முதலில்
உங்களைவிடப் பெரிய ஒருவருடையது.

அம்மா அவள் வாயைப் பொத்த முன்னம் முடித்துவிட்டாள்.

அவனுக்கு இருபது வயதிருக்காது.
கை தானாகப் பட்டிக்குப் போனது.
மூன்று ஓட்டையையும் விரலால் தடவினான்.
அந்தப் பெரிய ஒருவன் எங்கே என்று
நிரூபா இன்னும் கண்டுபிடித்திருக்கவில்லை.
டோர்ச்சை அணைத்தான்.
இருட்டில் நாங்கள் எல்லாரும் கொஞ்ச நேரம்
எங்கேயும் பிறக்காதவர்களாய் நின்றோம்.
நங்கி, கதைக்காதே, என்றான்,
அதட்டலாக இல்லை.

படமென்றால் இங்கே வாத்தியம் முழங்கியிருக்கும்.
பின்னால் ஜீப் வந்து நின்றது. அதிகாரி இறங்கினார்.
அப்பாவையும் இன்னும் நாலு பேரையும் ஏற்றினார்கள்.

மறுநாள் மத்தியானம் அப்பா படியேறி வந்தார்.
ஒன்றுமில்லை, கதிரையில் இருத்தி வைத்திருந்தார்கள்,
தேத்தண்ணிகூடத் தந்தார்கள் என்றார்.
அம்மா நம்பினா. நான் நம்பினேன்.
நிரூபா வாசலில் குந்தியிருந்து
அவர் கழற்றிய சப்பாத்துகளைப் பார்த்தாள்.
இரண்டிலும் கயிறில்லை.
நிறைய நேரம் பார்த்தாள்.
பிறகு இரண்டையும் எடுத்துக்
கட்டிலுக்கடியில் உள்ளே தள்ளிவைத்தாள்.

மணியை யார் எடுத்தது என்று
எனக்கு இன்றுவரை தெரியாது.
அவளுக்குத் தெரியும். அவள் கடைசிவரை விழித்திருந்தாள்.
நான் கேட்டதில்லை.